அடுப்பு அணைந்த வீடுகளின் வரைபடம்

அன்புள்ள எட்வின்,

வரும் வியாழக்கிழமை ஆம்பூர் பயணியர் மாளிகையில் சப்-கலெக்டர் நடத்தும் விசாரணைக்கு நான் போகிறேன். வரைபடத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். கடைசிப் பக்கம்வரை உன்னைக் காக்க வைக்க மனம் வராததால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நாம் நிதானமாகப் பேசலாம்.

“சின்னம்மா, இந்த ஒரு தடவை எனக்காக விட்டுடுங்க” என்று எழுதியிருந்தாய். அந்த வரி உன்னுடையது. அதற்கு மேலே இருந்த பத்திகள் உன்னுடையவை இல்லை. ‘பொதுமக்களிடையே தேவையற்ற பீதி’ என்று நீ எந்த வயதில் பேசியிருக்கிறாய்? யாரோ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நீ இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் மற்றவர் கட்டுரையைப் பார்த்து எழுதும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறவள். அவர்களைத் திட்டுவதுகூடக் கிடையாது, பக்கத்தில் போய் நிற்பேன், அவ்வளவுதான். இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் பத்திரிகைக்குக் கொடுத்திருப்பது உனக்குக் கோபம் தரும். சபையில் யாராவது நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டால் பாட்டுப் புத்தகத்தைத் தேடுவது போலக் குனிந்துகொள்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டு விஷயம் நம் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் தபாலில் போட்டால் நீ அதை உன் மேலதிகாரியிடம் காட்ட வேண்டிவரும், அவர் இன்னொன்று எழுதச் சொல்வார், நீ இங்கும் அங்கும் சேதி சுமக்கிறவனாக ஆகிவிடுவாய். நான் அச்சில் சொல்லிவிட்டால் அவருக்கு உன்னைக் கொண்டு என்னிடம் ஆக வேண்டியது எதுவும் இருக்காது. எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் நேராகவே சொல்லட்டும். ஆம்பூரில் பெண்கள் பள்ளி சயின்ஸ் டீச்சர் என்று கேட்டால் குதிரை வண்டிக்காரர்கூட வழி காட்டுவார்.

உன் ஏஜென்சிக்காக நீ விற்கும் வெள்ளைப் பொடி நம் ஊருக்கு வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். அரைக்கால் சட்டையிலிருந்து முழுக்கால் சட்டைக்கு மாறிய வயது உனக்கு. உன் அப்பா வேலை செய்யும் கம்பெனி பதனிட்ட தோலை அப்படியே அனுப்புவதை விட்டு, முழுதாக மெருகேற்றி வெளிநாட்டு நாற்காலிகளுக்கு அனுப்பத் தொடங்கிய நேரம். தியேட்டரிலும் விமானத்திலும் போடுகிற இருக்கைகளின் தோல் தீப்பிடிக்கக் கூடாது என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள். அதற்காக மரப் பீப்பாய் போல் சுழலும் அந்தப் பெரிய டிரம்களில் தோலோடு இந்தப் பொடியையும் போட்டுச் சுற்றினார்கள். “பவுடர் போட்டாச்சு, இனிமே நெருப்புக்கே பேஜார்” என்று உன் அப்பா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். எனக்கும் அன்று அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம் தெருவில் வெந்நீர் அடுப்புக்கு விறகு வாங்கியவர்கள் கம்மி. கன்னியம்மா கம்பெனிகளின் பின்வாசலில் தோல் ஓரத்துண்டுகளை அள்ளிக் கூடையில் கொண்டுவந்து விற்பாள். நாலு சுள்ளியோடு ஒரு கை தோலைப் போட்டால் அண்டா கொதித்துவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நமக்கு அது குளிக்கப் போகும் வாசனை. அது நல்ல புகை இல்லை என்று எனக்கு அப்போதும் தெரியும். வேறு எரிபொருள் வாங்க முடியாத தெருவில் அதைச் சொல்லி என்ன பயன் என்று இருந்தேன். அந்த மார்கழியில் தெரு முழுவதும் அடுப்புகள் முரண்டு பிடித்தன. துண்டைப் போட்டதும் சுள்ளியில் இருந்த நெருப்பும் சேர்ந்து அணைந்தது. கறுப்பாகச் சுருண்டு, கண்ணைக் கரிக்கும் புகையை விட்டுவிட்டு, குளிர்ந்து கிடந்தது.

கன்னியம்மா துண்டைத் தண்ணீரில் நனைத்து எடை ஏற்றி விற்கிறாள் என்று தெரு முடிவு செய்தது. வேறு எதையும் யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. தோல் வேலை செய்கிற ஊரில் நெருப்பை அணைக்க மருந்து இருக்கிறது என்பதை ஆண்கள் அறிந்திருந்தார்கள்; அடுப்பு அணைகிறது என்பதைப் பெண்கள் அறிந்திருந்தார்கள். ஒரே வீட்டில் இருந்த இரண்டு செய்திகளும் சந்திக்கவே இல்லை. நம் வீட்டிலும்தான். எதிர்வீட்டில் இட்லிக் கடை வைத்திருந்த, தெருவுக்கே அக்காவான மும்தாஜ் ஆபா தெருவில் நின்று கன்னியம்மாவின் கூடையைக் காலால் தள்ளியது உனக்கு நினைவிருக்கிறதா? நீ ஜன்னலில் ஏறி நின்று பார்த்தாய்.

“ஏண்டி, காலங்காத்தால ஜனங்க இட்லிக்கு நிக்கறாங்க, என் அடுப்புல தண்ணியா ஊத்தற?”

“நா எங்க ஆபா ஊத்தனேன்? அல்லா மேல ஆணையா சொல்றேன்.”

“உன் சாமி மேல பண்ணுடி ஆணையை. என் சாமிய ஏன் இழுக்கற?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்துவிட்டுத்தான் அழுதாள். பிறகு அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக நம் வாசலுக்கு வந்து இறக்கினாள். “டீச்சர், நீ படிச்சவ. இத்த மாடியில காய வெச்சு நீயே எரிச்சுப் பாரு. எரிஞ்சா என்னைச் செருப்பால அடி. எரியலன்னா அவங்களுக்குச் சொல்லு” என்றாள். நான் காய வைத்தேன். மார்கழி வெயில் எவ்வளவு உறைக்குமோ அவ்வளவும் உறைத்தது. துண்டுகள் அப்பளம் போல் ஆயின. எரியவில்லை.

அதற்குக் காரணம் கண்டுபிடித்தவன் நீ. போன வருஷம் மிஞ்சிக் கிடந்த ஒரு பழைய தோல் துண்டை இடுக்கியில் பிடித்து மெழுகுவர்த்தியில் காட்டினாய். எடுத்த பிறகும் அதில் ஒரு சிவப்புப் புழு மெல்ல மெல்ல ஊர்ந்து, துண்டு முழுவதையும் தின்று, பச்சை நிறச் சாம்பலை விட்டுப் போனது. பதனிடப் போடுகிற குரோம் உப்பு அப்படித்தான் பச்சையாக மிஞ்சும். பிறகு கன்னியம்மாவின் துண்டைக் காட்டினாய். சுடரிலிருந்து எடுத்த கணமே செத்துப்போனது. புழு இல்லை, பச்சை இல்லை, வெறும் கரி. “சின்னம்மா, இது அப்பா சொன்ன பவுடரு” என்றாய். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் அதையே ‘எரியாத தோல்’ என்று மந்திர வித்தையாகச் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கினாய். முன் வரிசையில் உன் அப்பாவின் மேனேஜர் உட்கார்ந்திருந்தார், அவரும் தட்டினார்.

கன்னியம்மாவை அழைத்துக்கொண்டு மும்தாஜ் ஆபாவின் கடைக்குப் போய், இட்லி சாப்பிட வந்தவர்கள் முன்னால் அதே மெழுகுவர்த்தியை ஏற்றினேன். ஆபா இரண்டு துண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. “உக்காருடி” என்று கன்னியம்மாவிடம் சொல்லி ஆறு இட்லி வைத்தாள். வடகறியை ஜாஸ்தியாக ஊற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, “அது சரி டீச்சர், இத்தினி நாளா என் பேரப்புள்ள இருமறது இந்தப் பொகையாலயா?” என்றாள்.

எட்வின், அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் பதில் தெரியாது. தெரியாது என்றுதான் அன்றும் சொன்னேன். உன் மேலதிகாரி என்னைப் பற்றி உனக்கு என்ன சொல்லியிருந்தாலும், தெரியாததைத் தெரியும் என்று நான் எங்கும் சொன்னதில்லை. எங்கே போயிருக்கிறது என்பதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைக் கேட்பது பீதி கிளப்புவதாகாது. வீட்டில் ஒரு கத்தரிக்கோல் காணவில்லை என்றால் எங்கே என்று கேட்க மாட்டோமா? யாரையும் குத்தியிருக்கிறதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

வரைபடம் அப்படித்தான் ஆரம்பித்தது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வட ஆற்காடு மாவட்டத்தை நீதான் வரைந்து கொடுத்தாய், பாலாற்றைக் கொஞ்சம் கோணலாக. வகுப்பில் பெண்களிடம் கேட்டேன்: வீட்டில் தோல் எரிக்கிறவர்கள் இருந்தால், சாம்பல் பச்சையா, கறுப்பா? அடுப்பு அணைகிறதா? அவ்வளவுதான் கேள்வி. அது பாடமா என்று தலைமையாசிரியை கேட்டார். எரிதல் பற்றிய பாடம் என்று சொன்னேன், பொய்யில்லை. அடுப்பு அணைந்த வீட்டுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. முதலில் நம் தெரு, பிறகு ரயில்வே கேட்டுக்கு அப்பால், பிறகு மாதனூர்ப் பக்கம் செங்கல் சூளைகள். திமிரியில் ஒரு கல்யாண வீட்டில் சமையல் பாதியில் நின்று, மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போகவிருந்ததாக ஒருத்தி சொன்னாள். தோல் துண்டு அவ்வளவு தூரம் போயிருந்தது. மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் வேறு ஷாப்புகளும் பொடியைப் போட ஆரம்பித்தபோது அங்கும் புள்ளிகள் முளைத்தன. கம்பெனிகள் எதுவும் என்னிடம் வாய் திறக்கவில்லை. அடுப்புகள் சொல்லிவிட்டன.

ஏலகிரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் இருந்தாள், பேச்சே வராது. ஒருநாள் தயங்கித் தயங்கி, “டீச்சர், எங்க ஊர்ல தோலே கெடையாது, ஆனா எங்க நெருப்பும் அணையுது” என்றாள். தோலைத் தேய்த்து மெருகேற்றும்போது பறக்கும் தூளைச் சாக்கில் கட்டி, உரம் என்று மலைக்கு லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். அவள் அப்பா மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் புகை போட அந்தத் தூளை நெருப்பில் தூவியிருக்கிறார். நெருப்பு படுத்துவிட்டது. மீதித் தூளைத் தோட்டத்தில் கொட்டிவிட்டார். அந்த மலையில் ஒரு புள்ளி வைத்தபோதுதான் எனக்கு முதன்முதலில் பயம் வந்தது. தண்ணீர் கீழ்நோக்கிப் போகும், அதைத் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். இது மலையேறவும் தெரிந்த சாமான்.

அதன் பிறகு மாவட்டம் போதவில்லை. பள்ளியில் கரையான் அரித்து ஒதுக்கிப் போட்ட உலகப் படத்தை வாங்கிவந்து ஓரம் ஒட்டினேன். பெட்டி கட்டும் பிரிவில் வேலை செய்த அப்பாக்களின் விரல்களில் ஊர்ப்பெயர் அடிக்கும் மை இருக்கும். மகள்களிடம் கேட்டால் துறைமுகங்களின் பெயர்களைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள்: ஹாம்பர்க், ராட்டர்டாம், ஜெனோவா. அவர்களுக்கு நான் நடத்திய புவியியல் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு புள்ளி வைத்தேன். நீ அப்போது சிரித்தாய். “சின்னம்மா, அங்க எவன் தோலைப் போட்டு வெந்நீர் காய்ச்சப் போறான்?” என்றாய். நல்ல கேள்வி. நானும் யோசித்தேன். நாற்காலி எத்தனை வருஷம் நாற்காலியாக இருக்கும்? உட்காருகிறவர்கள் உரசி உரசி அதிலிருந்து தூசி வராதா? கிழிந்த பிறகு எங்கே போடுவார்கள்? அவர்கள் ஊரிலும் குப்பையை எரிப்பார்கள், அல்லது புதைப்பார்கள். இல்லையென்றால் கப்பலில் ஏற்றி நம்மைப் போன்ற யாருக்காவது அனுப்புவார்கள். ஒரு பொருளை எரியாததாக ஆக்கிவிட்டால், அதைக் கடைசியில் ஒழிப்பது எப்படி என்ற கேள்வியை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட்டோம் என்று அர்த்தம்.

பழைய பேப்பர் கடையில், கம்பெனிகள் எடைக்குப் போட்ட வெளிநாட்டு வணிகப் பத்திரிகைகளைப் புரட்டுவது என் வழக்கம். கடைக்காரர் எனக்காகத் தனியாக எடுத்து வைப்பார், சினிமாப் பத்திரிகை கேட்காத ஒரே பெண்பிள்ளை நான் என்று எல்லாரிடமும் சொல்வார். அப்படி ஒன்றில்தான், ஒரு பணக்கார நாட்டில் குழந்தைகளின் இரவு உடையில் போட்ட தீத்தடுப்பு மருந்தொன்றைத் தடை செய்துவிட்டார்கள் என்று படித்தேன். துணியிலிருந்து குழந்தையின் தோலுக்குள் போகிறதாம். அது நம் ஊருக்கு வந்த அதே பொடி என்று நான் சொல்லவில்லை. நம் பொடியின் மூட்டையில் ஒரு எண்ணும் ஒரு பறவைப் படமும்தான் இருந்தன, உள்ளே என்ன என்று எழுதவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. அந்த நாட்டில் யாரோ அளந்திருக்கிறார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒரு தாய் கேட்கலாம் என்றால் இங்கே நான் கேட்பது எப்படி அதிகப்பிரசங்கித்தனம் ஆகும்?

மேனேஜரிடம் நான் போய்க் கேட்டதும் அதைத்தான். மரியாதையாகத்தான் பேசினார், டீ வரவழைத்தார். “எவ்வளவு பொடி வாங்குறீங்க சார், அதுல எவ்வளவு தோல்ல நிக்குது?” என்றேன். “அதெல்லாம் டெக்னிகல் மேட்டர்மா, உங்களுக்கு எதுக்கு?” என்றார். சோறு வடிக்கிறவளுக்கு அது டெக்னிகல் இல்லை என்று சொன்னேன். தட்டில் விழுந்தது, அடியில் பிடித்தது, கஞ்சியோடு போனது எல்லாவற்றையும் கூட்டினால் உலையில் போட்டது வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ சிந்தியிருக்கிறது. அவர் சிரித்தார். “நல்லா பேசறீங்க. இந்த வருஷம் எங்க வீட்டுப் பொண்ணும் உங்க ஸ்கூல்லதான் சேருது, கவனிச்சுக்குங்க” என்று அனுப்பிவைத்தார். மறுவாரம் உன் அப்பாவைக் கூப்பிட்டு, “உன் சம்சாரத்தை ஸ்கூலோட நிறுத்திக்கச் சொல்லுப்பா” என்றிருக்கிறார்.

உன் அப்பா என்ன செய்தார் என்று உனக்கு இதுவரை தெரியாது. அடுத்த நாளே போய், “சொல்லிட்டேன் சார், கேக்க மாட்டேங்கறாங்க” என்றாராம். என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மெருகுப் பிரிவிலிருந்து அவரை மாற்றி, பச்சைத் தோல் இறக்கும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். உப்பிலும் ரத்தத்திலும் நின்றுவிட்டு வருவார். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் வழியாக விஷயம் தெரிந்து நான் கேட்டபோது, “நீ கேக்க மாட்டன்னு எனக்குத் தெரியாதா? எதுக்கு ரெண்டு பேரும் வாயை வலிக்க வெச்சுக்கணும்?” என்றார். எட்வின், தைரியம் என்றால் மேடையில் ஏறிக் கத்துவது என்று நான் புத்தகங்களில் படித்திருந்தேன். உன் அப்பா கால் கழுவிக்கொண்டே அதைச் சொன்னார்.

இனி நீ எழுதியதில் நான் மிக மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். “அது உயிரைக் காப்பாத்துற மருந்து சின்னம்மா. உங்களுக்கு நான் சொல்லணுமா?” என்று கேட்டிருந்தாய். சொல்ல வேண்டியதில்லை. உன் அம்மா என் அக்கா. பம்ப் ஸ்டவ் சீறியபோது அவள் கட்டியிருந்தது சட்டென்று பற்றிக்கொள்ளும் நைலக்ஸ் புடவை, நான் ஆசைப்பட்டு வாங்கித் தரச் சொன்ன அதே நிறத்தில் அவளும் ஒன்று எடுத்திருந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் பேசிய பேச்சு உன்னைப் பற்றியது மட்டும்தான். உனக்கு ஏழு வயது. அதற்கடுத்த வருஷம் எனக்குப் பத்தொன்பது வயதில் உன் அப்பாவுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். நீ அன்றும் சின்னம்மா என்றாய், இன்றும் சின்னம்மா என்கிறாய், நான் அதை மாற்றச் சொன்னதில்லை. அவளுடைய இடம் அவளுக்கு இருக்கட்டும். நெருப்புக்கே பேஜார் என்று உன் அப்பா சிரித்த அன்று நான் சந்தோஷப்பட்டதன் காரணம் இதுதான். அவர் சிரித்த காரணமும் அதுவே. அப்படி ஒரு மருந்து அந்தப் புடவையில் இருந்திருந்தால் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

நீ தோல் தொழில்நுட்பம் படிக்கப் போனதும், இந்த வேலையைத் தேடிப் பிடித்ததும் அவளால்தான் என்று எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் போன மாதம் நீ வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாய். நேர்முகத் தேர்வில் நீ சொன்ன கதையை உன் மேலதிகாரி மறக்கவில்லையாம். கம்பெனிகளுக்குப் போகும்போது முதலில் உன் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு பொடியைக் காட்டு, நன்றாக எடுபடும் என்றாராம். நீ பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. ரசம் ஊற்றச் சொல்லிவிட்டுச் சொன்னாய். நான் அன்று எழுந்து உள்ளே போனது ரசம் எடுக்க மட்டும் இல்லை. என் அக்காவை சாம்பிள் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகாதே. இதை நான் கெஞ்சலாகச் சொல்லவில்லை, உன்னை வளர்த்த உரிமையில் சொல்கிறேன். அவள் எரிந்தது நிஜம், அதனால் அந்தப் பொடியைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று ஆக்க அவளை யாரும் பயன்படுத்த நான் விடமாட்டேன். உன் மேலதிகாரி இதைப் படிக்கிறார் என்றால், ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நெருப்பிலிருந்து ஆளைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றிய பொருள் பிறகு எங்கே போகிறது என்றும் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னது? விமானத்தில் உட்காருகிறவன் உயிரும் மும்தாஜ் ஆபாவின் பேரன் மூச்சும் ஒரே தராசில் ஏன் எதிரெதிராக ஏற வேண்டும்? தராசை அப்படி வைத்தவர்கள் இரண்டு பக்கமும் உட்காராதவர்கள். உன்னை வேலையை விடச் சொல்ல மாட்டேன். சொல்லியிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும், என்மேல் கோபித்துக்கொண்டு இருந்துவிடலாம். நீ அங்கேயே இரு. விற்கும் பொருளின் பெயரைக் கேள். மூட்டையில் எண்ணுக்குப் பதில் பெயரை எழுதச் சொல். வாங்குகிறவன் வாசலில் டீ குடித்துவிட்டுத் திரும்பாமல், பின்வாசலுக்கும் போய்ப் பார், அங்கே கூடையோடு யாராவது நிற்பார்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். அதைச் சொன்னதற்காக வேலை போனால் வீட்டுக்கு வா. உப்பிலும் ரத்தத்திலும் நின்றவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார், அவர் உன்னை ஏன் என்று கேட்க மாட்டார்.

வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும். விசாரணை கிணற்றுத் தண்ணீரைப் பற்றியது. விவசாயிகள் உப்பைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் பேசுவார்கள், அவர்கள் தென்னை காய்ந்து நிற்கிறது, பேசட்டும். பொடியைப் பற்றிப் பேச நான் ஒருத்திதான். கன்னியம்மா கூட வருகிறேன் என்றிருக்கிறாள். “நா ஒண்ணும் பேச மாட்டேன், கூடையத் தூக்கிட்டு வந்து நடுவுல வெக்கறேன், அது போதும்” என்கிறாள். மும்தாஜ் ஆபா கடையை மூட முடியாது, ஆனால் துணி மூட்டை போலக் கட்டிய ஒரு பெரிய பொட்டலத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், உள்ளே அவள் அடுப்பில் எரியாமல் கருகிய தோல் துண்டுகள். நான் வரைபடங்கள் இரண்டையும் சுவரில் மாட்டுவேன். ஒரு டப்பாவில் பச்சைச் சாம்பல், இன்னொன்றில் கரி. உன் பழைய இடுக்கியும் ஒரு மெழுகுவர்த்தியும். அன்று முன் வரிசையில் இருந்து கைதட்டிய மேனேஜருக்கு அந்த வித்தை மறந்திருக்காது. என் குரல் நடுங்கும். நடுங்கட்டும், சப்-கலெக்டருக்குக் காது இருக்கிறது.

அதன் பிறகு, அங்கே வந்திருக்கும் உன் ஏஜென்சிக்காரர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இந்த மாவட்டத்துக்கு இதுவரை எவ்வளவு பொடி கொண்டுவந்தீர்கள்? உலையில் போட்ட அளவு அது. அது தெரிந்தால் மீதியை நாங்கள் தேடிக்கொள்வோம், தட்டு தட்டாக, அடுப்பு அடுப்பாக, தேவைப்பட்டால் துறைமுகம் துறைமுகமாக. அந்த எண்ணை எனக்கு ரகசியமாக அனுப்பு என்று உன்னிடம் கேட்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நீ அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். திருட்டுத்தனமாகத் தெரிந்துகொள்ள அது திருட்டுப் பொருள் இல்லை. எல்லாரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில், சத்தமாக, எழுந்து நின்று சொல்ல வேண்டிய எண் அது.

என் மகன் என்பதால் உன்னையே பதில் சொல்ல அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன். உன்னைப் பார்த்தால் நான் தடுமாறுவேன் என்று கணக்குப் போடுவார்கள். அப்படி அனுப்பினால், மறுக்காதே, வா. உன் நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, எனக்கு எதிர்ப்பக்கம் போடப்பட்ட நாற்காலியில் உட்கார். என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன்னிடமும் அதே கேள்வியைத்தான் கேட்பேன், அதே வார்த்தைகளில், ஒரு சொல் குறைக்காமல். மதியத்துக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வருகிறேன், நீ எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் உனக்கும் சேர்த்துத்தான். ஆனால் முதலில் எண்ணைச் சொல். சாப்பாடு அதற்குப் பிறகு.

உன்னை வளர்த்தவள்